கடல் தாண்டிக் கிசுகிசுப்பவர்

செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார். தரையில் உரசினால் சத்தம் கேட்கும். நாற்காலியை இழுப்பதில்லை, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, இறக்கி வைக்கிறார். சட்டைப் பையிலிருக்கும் சாவிக்கொத்தும் சில்லறையும் வெளி மேசையிலேயே நின்றுவிடுகின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைக்காமல், மைக்குக்கு வெகு அருகே உதட்டைக் கொண்டுபோய்ச் சொல்கிறார்: "இப்ப அவரு பந்துகிட்ட வந்துட்டாரு."

பந்தும் அந்த அவரும் இருப்பது வேறொரு கண்டத்தில். நடுவில் ஒரு கடல் முழுதாகக் கிடக்கிறது. இவர் உட்கார்ந்திருக்கும் அறை ஒரு பெரிய அலமாரி அளவு இருக்கும். சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கொலை நடந்தாலும் வெளியே கேட்காது. எதிரே ஒரு திரை, அதில் புல்வெளி, புல்வெளியில் ஒரு மனிதர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய கவனம் கலைந்துவிடக் கூடாதே என்று இவர் இங்கே கிசுகிசுக்கிறார்.

விளையாட்டுச் சேனல் ஒன்றின் தமிழ் வர்ணனையாளர் அவர். ஒலிம்பிக் வந்தால் கோல்ஃப் அவருடையது. வேறு யாரும் கேட்டதில்லை என்பதால் அவருடையது. சேனலில் எல்லோரும் அவரைக் கிசுகிசு சார் என்கிறார்கள். அவர் எதிரிலேயே சொல்கிறார்கள், அவர் திரும்பிப் பார்த்து "என்னப்பா?" என்கிறார். அந்த "என்னப்பா" நமக்குக் கேட்பதில்லை, உதட்டசைவில் தெரியும்.

ஒலிம்பிக்கில் கோல்ஃபுக்கு என்ன இடம் என்று பலருக்குத் தெரியாது. இடம் இருப்பதே தெரியாது என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். ஆரம்ப காலத்தில் இரண்டு முறை ஆடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அப்புறம் நூறு ஆண்டுகளுக்கு மேல் அது வெளியே இருந்தது. காணோமே என்று அந்த நூறு ஆண்டுகளில் யாரும் தேடியதாகத் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள், பணக்கார உறவினர் கல்யாணத்துக்கு வருவதுபோல வந்து சேர்ந்தது: தாமதமாக, இஸ்திரி கலையாமல், முன்வரிசைக்கு. மற்றவர்கள் பட்டினி கிடந்து, முழங்கால் தேய்ந்து, ஒரு பதக்கத்துக்காகத் தரையில் விழுந்து அழுகிற அதே ஊரில், இவர்கள் ஒற்றைக் கையுறையோடு புல்லில் நடந்து வருகிறார்கள். பையைச் சுமக்கக்கூட ஓர் ஆள் பின்னால் வருகிறான்.

எதிர் அறையில் குத்துச்சண்டையும் பளுதூக்குதலும் சொல்கிறவர் இவருடைய மனைவியின் தம்பி. இவர்தான் அவரைச் சேனலுக்குக் கூட்டி வந்தார். மச்சினனுக்கு மைக் தேவையில்லை என்பது சேனலின் கருத்து. வாசலில் நின்று சொன்னாலே ஊருக்குக் கேட்டுவிடும். தேநீர் இடைவேளையில் அவர் மாமாவைச் சீண்டாமல் இருந்ததில்லை.

"மாமா, எங்க பசங்க மூக்கு உடைஞ்சு மெடல் வாங்கறாங்க. உங்க ஆளுங்க மெடல் வாங்கும்போது சட்டைகூடக் கசங்கலையே."

"கசங்காம ஆடறதுதான் மாப்ள கஷ்டம்."

மச்சினன் காதில் கையைக் குவித்து, என்ன, என்ன என்பார். இவர் மறுபடி சொல்ல மாட்டார். அரை மணி நேரம் கழித்து யாராவது ஒருவர் மச்சினனிடம் போய் இன்னது சொன்னார் என்று சொல்லவேண்டும்.

ஒரு காலத்தில் குத்துச்சண்டை இவருடையதாக இருந்தது. ஓர் இறுதிச் சுற்றில் யாரோ கீழே விழ, விழுந்தது யார் என்று தெரிவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தார். விழுந்தது நம் ஆள்தான் என்று தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. வெற்றி வெற்றி என்று கத்திக்கொண்டே போனார். நடுவில் தொண்டைக்குள் துணி கிழிவதுபோல் ஏதோ கிழிந்தது. வைத்தியர் விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை இப்படிக் கத்தினால் பிறகு ஆயுசு முழுக்கச் சைகைதான் என்று சொல்லிவிட்டார். தொண்டை போனவர்களுக்கென்றே ஓர் ஆட்டம் இருப்பது அப்போதுதான் சேனலுக்கு நினைவு வந்தது.

சாதாரணமாகப் பேசலாம் என்று வைத்தியர் அனுமதி கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் பேசவில்லை. கேட்டால், "பழகிடுச்சுப்பா" என்கிறார்.

பழகியது அவர் ஒருவருக்குத்தான். காய்கறிக் கடையில் அவர் அரைக் கிலோ தக்காளி கேட்டால் கடைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, அதே குரலில் விலையைச் சொல்கிறார். இன்றைக்கு மழை வரும் என்று இவர் பேருந்தில் பக்கத்து ஆளிடம் சொன்னால், அந்த ஆள் இது யாரிடமும் சொல்லக் கூடாத விஷயம்போல என்று தலையாட்டுகிறார். வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். அவர் மனைவி வரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர்; பகல் முழுக்க மற்றவர்களின் கத்தலைக் கேட்டுவிட்டு வருகிறவர். ஒரு நாள் சேனலுக்கு வந்தபோது பொதுவாகச் சொன்னார்: "இவர் என்னைத் திட்டறாரா கொஞ்சறாரான்னே தெரியல. ரெண்டும் ஒரே சத்தம்தான். நான் கொஞ்சறதாவே வச்சுக்கறேன்."

ஆட்டத்தின் விதியை மனைவிக்கு விளக்க ஒரு முறை முயன்றிருக்கிறார். குறைவாக அடித்தவர் ஜெயித்தவர் என்றதும் அந்த அம்மாள் மேலே கேட்கவில்லை. "கம்மியா செஞ்சவன் ஜெயிக்கறான்னா அது எங்க ஆபீஸ்ல தினம் நடக்கற ஆட்டம்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அவர் கோல்ஃப் மைதானத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஊரில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவர் போகும் பேருந்து அதன் மதிலை ஒட்டியே வெகுதூரம் ஓடும். மதிலுக்கு மேல் மரங்களின் தலை தெரியும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். உறுப்பினரா என்று காவலாளி கேட்டார். ஒலிம்பிக் வர்ணனையாளர் என்று இவர் தம் வழக்கமான குரலில் சொன்னார். காவலாளி தலையை முன்னால் நீட்டி, தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்துக்கொண்டு, அதே ரகசியத்தோடு சொன்னார்: "இருக்கட்டும் சார். உள்ள விட்டா எனக்கு வேலை போயிடும்." இருவரும் சதிகாரர்களைப்போலப் பிரிந்தார்கள். இதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். காவலாளியின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. "நல்ல மனுஷன். மெதுவாப் பேசினான்" என்றார்.

திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டிவிடுவது என் வேலை. கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவருடைய அறையின் கண்ணாடி நேர் எதிரே இருக்கும். அதனால் அவர் சொல்வதையும் கேட்கிறேன், சொல்லும்போது செய்வதையும் பார்க்கிறேன். ஆட்டக்காரர் மட்டையை ஓங்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறார். பந்து போன பிறகு விடுகிறார். இருமல் வந்தால் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்கிறார், கண்ணில் நீர் வந்தாலும் சரி.

ஒரு வருடம் மேலிடத்திலிருந்து எல்லாவற்றையும் தமிழில் சொல்லும்படி உத்தரவு வந்தது. ஒரு குழிக்கு இத்தனை முறை அடிக்கலாம் என்ற கணக்குக்கு ஒன்று குறைவாக அடித்தால் அந்த ஆட்டத்தில் ஏதோ பறவைப் பெயர் சொல்வார்கள். இவர் கீழ்ப்படிந்து, "சின்னப் பறவை ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றார். பார்வையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, தாம் வெகுநேரமாகத் தேடுவதாகவும் பறவை திரையில் எந்தப் பக்கம் என்றும் விசாரித்தார். அடுத்த நாளிலிருந்து "ஒண்ணு குறைச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். உத்தரவும் அத்தோடு மறந்துபோயிற்று.

கோல்ஃபுக்கு வரும் மற்ற அழைப்புகளெல்லாம் ஒரே ரகம். பிற்பகல்களில் வரும். இளம் தாய்மார்கள் பேசுவார்கள். நாளைக்கும் இந்த சார் பேசுவாரா, இன்றைக்குக் குழந்தை நன்றாகத் தூங்கினான், எத்தனை நாள் நடக்கும் இது என்று கேட்பார்கள். தமிழ் கூறும் உலகில் ஒலிம்பிக் கோல்ஃபுக்கு இருக்கும் நிரந்தர ரசிகர்கள் பல் முளைக்காதவர்கள். இதை அவரிடம் யாரோ கேலியாகச் சொன்னபோது அவர் யோசித்தார். "தூங்கட்டும். அமைதியா இருக்காங்கல்ல. அது போதும் இந்த ஆட்டத்துக்கு" என்றார்.

இந்த முறை ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னால் சேனலுக்குப் புதிய நிகழ்ச்சித் தலைவர் வந்தார். சோப்பு விற்கும் கம்பெனியிலிருந்து வந்தவர். எல்லாவற்றிலும் நுரை எதிர்பார்ப்பவர். முதல் கூட்டத்திலேயே கோல்ஃப் அடிபட்டது. "சத்தமே இல்லாத ஆட்டத்துக்கு எதுக்கு சார் மொழி?" என்று கேட்டார். இந்த ஒரு முறை இருக்கட்டும், அடுத்த ஒலிம்பிக்கில் வெறும் படமும் காற்றும் பறவைச் சத்தமுமாக விட்டுவிடலாம், இடையில் சோப்புக்கும் நேரம் கிடைக்கும் என்பது முடிவு. முடிவாகச் சொல்லவில்லை, யோசிப்போம் என்றார். அந்த மாதிரி ஆட்கள் யோசிப்போம் என்றால் முடிந்துவிட்டதென்று பொருள்.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அன்று அவர் என்னிடம் சொன்னார்: "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற ஆட்டம் இல்லப்பா. வீட்ல உக்காந்து யாருக்குச் சொல்றது?" அவ்வளவுதான் சொன்னார். டம்ளரைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தார்.

பெண்கள் போட்டியின் மூன்றாம் நாள் முடிவில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. நம் நாட்டுப் பெண் ஒருத்தி மூன்றாம் இடத்துக்கு வந்து நின்றாள். அப்படி ஒரு பெண் போயிருப்பதே முந்தின நாள் வரை சேனலில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். மறுநாள் காலை அலுவலகம் முழுக்க அவளுக்குச் சித்தப்பாக்கள் முளைத்திருந்தார்கள். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள் அவளுடைய மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நிகழ்ச்சித் தலைவர் என் மேசைக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "கோல்ஃப்ல மெடல் குடுக்கறாங்களா?"

கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. முதன்மை அலைவரிசையில் முழு நாளும் கோல்ஃப். பளுதூக்குதல் வர்ணனை இல்லாமல் இரண்டாவதற்குப் போயிற்று. மச்சினனுக்கு வேலை இல்லாமல் போனதால் அவருக்கும் ஒரு வேலை கண்டுபிடித்தார் தலைவர். இருவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். பதக்கம் வந்தால் திரையின் அடியில் எழுத்துகளை எப்படி ஓட்டுவது என்று சொல்ல என்னையும் கூப்பிட்டார்.

"நீங்க உங்க மாதிரியே சொல்லுங்க சார். நான் தலையிடல. பந்து உள்ள விழுந்ததும் இவரு ஒரு கத்து கத்துவாரு. அந்தப் பத்து செகண்ட் எனக்கு வேணும். அதை வெட்டி நாடு பூரா ஓட்டிடலாம். கோல்ஃப் இனிமே தமிழ்ல இருக்குமா இல்லையாங்கறது அந்தக் கத்தல்லதான் சார் இருக்கு."

கிசுகிசு சாரின் உதடு அசைந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். "விழுந்தப்புறம்தானேன்னு கேக்கறாரு" என்றேன்.

"விழுந்தப்புறம்தான் சார். முன்னாடி கத்தி என்ன பிரயோஜனம்?"

சரி என்று தலையாட்டினார். தலைவர் கை நீட்ட, குலுக்கவும் குலுக்கினார். இது நியாயமான ஒப்பந்தம் என்றுதான் எனக்கும் பட்டது. அடுத்த நாலு வருடத்துக்கு அவருக்கு அறை இருக்கும். ஒரே ஒரு சத்தம். அதையும் போடப்போவது இன்னொருவர்.

ஒருவருக்கென்று கட்டிய அறையில் இரண்டாவது நாற்காலி போட்டார்கள். மச்சினன் ஷூவோடு நுழைந்தார். மாமா வாசலைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணுக்குக் கேக்காது மாமா. கடல் இருக்கு நடுவுல."

"கழட்டு மாப்ள."

கழற்றினார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் மச்சினன் பட்ட பாட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கை விரல்களைச் சொடுக்கப் போனார். மாமா பார்த்ததும் பிரித்துக்கொண்டார். பிறகு உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது மணி நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

மூன்று மூன்று பேராகத்தான் ஆடுவார்கள், முன்னணியில் இருப்பவர்கள் கடைசியாக. நம் பெண்ணோடு ஆட வந்த இருவரில் ஒருத்தி எங்கோ ஒரு சின்ன நாட்டுக்காரி. காலையில் இரண்டாம் இடத்தில் இருந்தவள். அவளுக்கு அன்று எதுவும் சரியில்லை. ஒரு பந்தைத் தண்ணீரில் விட்டாள். ஒன்றை மணல் பள்ளத்தில் போட்டு, எடுக்கப் போய், மணலிலேயே மறுபடி போட்டாள். மதியத்துக்குள் அவள் பெயர் பட்டியலின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. இடத்தை மிச்சம் பிடிக்க, ஓடும் எழுத்திலிருந்து நானே அதை எடுத்துவிட்டேன். கேமராக்களும் அவளை விட்டுவிட்டன. நம் பெண்ணின் தோளுக்குப் பின்னால் தொப்பி மட்டும் வந்து போயிற்று.

கிசுகிசு சார் மட்டும் அவளை விடவில்லை. நம் பெண் அடித்ததைச் சொல்வார், பிறகு, "அவங்களும் அடிச்சிருக்காங்க. கொஞ்சம் இடது பக்கம் போயிடுச்சு" என்பார். தலைவர் ஹெட்போனில் அவரைப் பிடித்தார். அந்தப் பெண் நமக்கு எதற்கு, நம் பெண்ணைச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்று இவர் தலையாட்டினார். இரண்டு பேரையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசிக் குழி. மைதானத்தில் இவர்கள் மூன்று பேர்தான் பாக்கி. மற்ற எல்லோரும் முடித்து, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருத்தியும் முடித்துவிட்டாள். மீதி இருந்தது இரண்டு பந்துகள். குழியிலிருந்து தள்ளி இருக்கும் பந்தை முதலில் அடிக்கவேண்டும் என்பது ஆட்டத்தின் முறை. தள்ளி இருந்தது நம் பெண்ணுடையது. இந்த ஒரு உருட்டில் விழுந்தால் வெண்கலம், விழாவிட்டால் எதுவும் நிச்சயமில்லை என்று அவர் மைக்கில் சொன்னார். தக்காளி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சினன் விழித்து நிமிர்ந்து, தோளைப் பின்னால் தள்ளி, நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி வைத்துக்கொண்டார். இவர் வழக்கம்போல் மூச்சை நிறுத்தினார்.

பந்து உருண்டது. மெதுவாகத்தான் போயிற்று, விலாசம் விசாரித்துக்கொண்டு போவதுபோல. குழியின் உதட்டில் ஒரு கணம் தயங்கி, விழுந்தது.

மைதானத்தில் கூட்டம் ஒரு முறை அலறியது. உடனே ஊழியர்கள் கைகளை உயர்த்தினார்கள். அலறல் அப்படியே அடங்கிற்று. நம் பெண் குதிக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஓரத்துக்கு நடந்து, மட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சின்ன நாட்டுக்காரியின் பந்து இன்னும் புல்லில் இருந்தது.

இதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் பதக்கம் இருந்தது. மேசைகளைத் தட்டினார்கள், ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தார்கள். "இப்ப சார், இப்ப, கத்தச் சொல்லுங்க" என்று தலைவர் பொத்தானை அழுத்திக்கொண்டு கூவினார். கண்ணாடிக்கு அப்பால் மச்சினன் வாயைத் திறந்தார்.

மாமாவின் இடது கை எழுந்து வந்து அந்த வாயைப் பொத்தியது.

மச்சினனின் கண்கள் பிதுங்கின. வாங்கிய காற்று போக வழியில்லாமல் கன்னங்கள் உப்பின. தலைவர் கூவிக்கொண்டே இருந்தார். அவர் கேட்ட பத்து செகண்ட் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. மைக்கை நோக்கிக் குனிந்து, "இன்னும் ஒருத்தங்க அடிக்கணும்" என்றார்.

திரையில் சின்ன நாட்டுக்காரி பந்துக்குப் பின்னால் வந்து நின்றாள். அடிக்கவில்லை. திருப்தி வராமல், குழியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், முழங்கால் மடக்கி உட்கார்ந்து புல்லைப் பார்த்தாள். மச்சினனின் மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. மாமா கையை எடுக்கவில்லை.